அடைப்புக்குறிக்குள் மழை

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
மிக்சி ஜார்களுக்கும் யாரோ கழற்றிய மூக்குக்கண்ணாடிகளுக்கும் நடுவில்
கிடந்தது டிஸ்க் பிளேயர்.
ஆயிரத்து நூறு சொன்னான், எண்ணூற்றைம்பதுக்குத் தந்தான்.
வட்டு வைக்கும் தட்டு வெளியே வராது,
அதனால்தான் விலை.
"உள்ள நெட்வொர்க் இருக்குண்ணே, டிஸ்க்கே வேணாம்"
என்றான், ரகசியம்போல.

நெல்லித்தோப்பில் எங்கள் மாடிக்கு
வைஃபை வந்து இரண்டு மாதம்.
பாதிக்காசு கீழ்வீட்டு லூர்துநாதனுடையது.
லேப்டாப்பில் படங்கள். டிவிக்கடியில் பிளேயர்.
நடுவில் ஒரு சர்வர் வேண்டும்.
ஓட்டலிலும் சர்வர் என்றுதான் சொல்கிறோம்,
இட்லி கேட்டால் இட்லி வரவேண்டும், அவ்வளவுதானே
என்று இறங்கினேன்.

முதலில் வந்தவன் பிளேயரைக் கண்டுகொள்ளவே இல்லை.
லூர்துநாதன் டிவியைக் கண்டுபிடித்து
அங்கே இலை போட்டுவிட்டு நின்றான்.
அடுத்தவன் ரொம்ப ஒழுங்கு.
எதையும் கலைஞர்வாரியாகத்தான் அடுக்குவான்.
எங்கள் கல்யாண வீடியோவின் கீழே
கலைஞர்: தெரியவில்லை.
இமெல்டா அதைப் படித்துவிட்டு
என்னைச் சுட்டிக் காட்டினாள்.

இமெல்டாவுக்குக் காது கேட்காது, பிறவியிலேயே.
தமிழ்ப் படத்துக்குக் கீழே இங்கிலீஷ் ஓடுகிறது.
தமிழ் மட்டும் படிக்கிறவளுக்கு
தமிழ்ப் படத்தில் ஒரு வரி கிடையாது.
சேதராப்பட்டில் ராத்திரி ஷிப்ட் இல்லாத நாள்களில்
நானே தட்டுகிறேன்,
நிறுத்தி, பின்னால் ஓட்டி, நிறுத்தி.
ஒரு படத்துக்கு இருபது நாள்.
பிறகு லேப்டாப்பில் தலை முட்ட இரண்டு பேரும் பார்ப்போம்.

அந்த எழுத்தைத்தான் மூன்றாவது சர்வர்
கட்டம் கட்டமாய்க் கொண்டுவந்து வைத்தது.
கதாநாயகன் வாய் திறக்கிறான்: எட்டுக் கட்டம்.
அவன் அம்மா அழுகிறாள்: ஐந்து.
இமெல்டா காற்றில் செங்கல் அடுக்கினாள்,
சிமெண்ட் பூசினாள்,
ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்த்தாள்.
சர்வர் மேல் குற்றமில்லை.
பிளேயருக்குத் தமிழ் தெரியாது.

நாலாவதில், அமைப்புகளின் ஆழத்தில்,
ஒரு சின்னப் பெட்டி இருந்தது:
எழுத்தைப் படத்தோடு சேர்த்துச் சுட்டுத் தரவா?
தா.
மீசைபோல, மரம்போல
எழுத்தும் அதற்கு இனிமேல் வெறும் படம்.
வந்தது.
'ண'வுக்கு மூன்று சுழியும் வந்தது.

[மழைச் சத்தம்] என்று எழுதியிருந்தேன்.
இமெல்டா ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினாள்.
மழைதான் தெரிகிறதே, என்றன அவள் கைகள்.
கண்ணுக்குத் தெரியாததை எழுது.

அன்றிரவு அந்தக் காட்சியை ஹெட்போனில் கேட்டேன்.
மழைக்குப் பின்னால் எந்த வீட்டிலோ
குக்கர் விசில், இரண்டு.
ஒரு குழந்தை ஏதோ வாய்ப்பாடு ஒப்பிக்கிறது,
ஏழாம் வாய்ப்பாடு என்று நினைக்கிறேன்.
ஆறு தடவை பார்த்த படம்.

சர்வர் ஓடினால் லேப்டாப் தோசைக்கல்.
விசிறி இரைகிற இரைச்சலில்
வசனம் எனக்கும் பிடிபடுவதில்லை.
நானும் படிக்கிறேன்.

தியேட்டரில் நான் சிரிப்பேன்,
அவள் என் முகத்தைப் பார்ப்பாள்,
செல்போன் வெளிச்சத்தில் கையால் சொல்வேன்,
அவள் சிரிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும்.
நேற்று, தட்டின நானே மறந்துபோன ஒரு வரிக்கு
அவள் முந்திச் சிரித்தாள்.
வேகமாய்ப் படிக்கிறவள்.
நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

புதுப் படத்துக்கு முதல் வரி இன்று தட்டியாயிற்று:
[லேப்டாப் விசிறி இரைகிறது.
கீழே லூர்துநாதன் இருமுகிறார்.]